வசம்புக் காப்பு

அத்தியாயம் 14: பதினாறாம் நாள்

காப்பைக் கோக்கலாம், போடத்தான் கூடாது.

சென்ற வாரம் பேச்சியம்மாள் தி.நகரிலிருந்து சைதாப்பேட்டைக்கு பஸ் ஏறி வந்து, ஆற்றிக் கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, பெற்ற மகளிடம் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான். சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ கோத்துக் கொண்டாந்துருட்டி. போடுதத மட்டும் கோமதி போடட்டும். அவளும் அத்தைதானே. மூணு பெத்தவ."

"சரிம்மா" என்றாள் ஸ்வர்ணலதா. வேறென்ன சொல்வாள் பாவம்!

தம்பி வைரவனுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துப் பிறந்த ஆண்பிள்ளை. அவர்கள் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் பதினாறாம் நாள் காப்பு. வெள்ளியும் தங்கமும் அப்புறம்தான். முதலில் கையில் ஏற வேண்டியது வசம்புக் காப்பு. வசம்பை வில்லை வில்லையாக வெட்டி, நடுவில் துளை போட்டு, கறுப்பு மணி வெள்ளை மணியோடு சேர்த்துக் கோத்தது. பிள்ளை கையை வாயில் வைத்துச் சப்பினால் வயிற்றுக்கு நல்லது, கண்ணேறும் படாது என்பார்கள். அதைக் கடையில் வாங்கக் கூடாது. அத்தைக்காரி தன் வீட்டில் உட்கார்ந்து தன் கையால் கோத்து, தன் கையாலேயே போட வேண்டும்.

இத்தனைக்கும் வைரவன் நடத்துவதே ஃபேன்சி ஸ்டோர். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், வாசல் முழுக்க பாசியும் வளையலும் ரிப்பனுமாகத் தொங்கும் கடை. அங்கே மணிக்கா பஞ்சம்? ஆனாலும் இந்தக் காப்புக்கு அத்தை வீட்டு மணிதான் வர வேண்டும்.

அவனுடைய கூடப்பிறந்த அக்கா ஸ்வர்ணலதா ஒருத்திதான். கோமதி பெரியம்மா மகள். கூடப்பிறந்தவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பெரியம்மா மகளைத் தேடிப் போவானேன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் ஸ்வர்ணலதாவின் மகன் மாறன் காய்ச்சலில் போய்விட்டான். ஏழு மாதப் பிள்ளை. அழுது ஊரைக் கூட்டியிருந்தாலாவது தெரிந்திருக்கும். அவன் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே கிடந்தான். சமர்த்தாகத் தூங்குகிறான் என்று அவளும் ஒரு நாள் விட்டுவிட்டாள். "நேத்தே கொண்டாந்திருக்கணும்மா" என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியம் அவளை இன்றுவரை தூங்கவிடவில்லை.

அதற்குப் பிறகு சொந்தக்காரர் விசேஷங்களில் அவள் உள்ளே நுழைந்தால் கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பசிக்கிறது என்பார்கள். தூக்கம் வருகிறது என்பார்கள். யாரும் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னாலாவது திருப்பிக் கேட்டுவிடலாம்.

ஆனாலும் அவள் காப்பைக் கோத்தாள். தம்பி பிள்ளை ஆயிற்றே!

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய், சுண்டுவிரல் கனத்தில் வசம்பாகப் பொறுக்கி வாங்கினாள். வெந்நீரில் ஊறவைத்து, வில்லைகளாக வெட்டி, தீப்பெட்டியில் போட்டுப் புருஷனிடம் கொடுத்தாள். பொன்னுரங்கம் வீட்டை எதிர்த்து அவள் கைப்பிடித்தவன். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். ஊசியைச் சுடவைத்துக் குத்தினால் வசம்பு பிளந்துகொள்கிறது என்று அவள் குறைப்பட்டதைக் கேட்டு, பட்டறையில் ஒரு எம்.எம். டிரில் போட்டு ஆறு வில்லையையும் நடு மையத்தில் துளைத்துக் கொண்டுவந்தான்.

"பிள்ளை கை அளவு வேணுமேங்க" என்றாள்.

அவள் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். பொன்னுரங்கம் மட்டும் நாலாம் நாள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்விட்டு வந்தான்.

"அதான் நான் தூக்கினேனே! விரலைப் புட்சிக்கினு வுடவேல்ல தெரியுமா" என்றான். "அளவு நான் தரேன்மே. நீ ஏன் கவலைப்படறே?"

மறுநாள் வேலை விட்டு வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு நூலை எடுத்துக் கொடுத்தான். நூலில் இரண்டு முடிச்சு.

"இந்த முடிச்சிலேர்ந்து அந்த முடிச்சு. கூடவும் வாணாம், கொறையவும் வாணாம்."

அவன் அளவு சொன்னால் அப்பீல் இல்லை. பட்டறை முதலாளி மெஹபூப் பாஷாவே அவன் கடைந்த சாமானை மறுபடி அளந்து பார்ப்பதில்லை. நூலை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துவைத்துக்கொண்டு ஸ்வர்ணலதா கோக்க ஆரம்பித்தாள். ஒரு வசம்பு, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, மறுபடி வசம்பு. ஆறாவது வசம்பு இரண்டாவது முடிச்சில் அச்சாக வந்து உட்கார்ந்தது. அளவெடுத்த நூலிலேயே எல்லாம் பொருந்தி வந்ததில் அவளுக்கே ஒரு சந்தோஷம். ஒரு முனையில் நூலை மடித்துச் சின்னக் கண்ணி போட்டாள். மறுமுனையில் கொஞ்சம் பெரிய மணி. கண்ணிக்குள் மணியை நுழைத்தால் காப்பு பூட்டிக்கொள்ளும்.

மாறனுக்கும் இதே கண்ணி, இதே பூட்டுதான். முதல் காப்பு இறுகிப்போனதும் ஏழாம் மாதத்தில் புதிதாக ஒன்று கோத்துப் போட்டாள். போட்ட பதினோராம் நாள் பிள்ளை போய்விட்டான். மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. திரும்பி வந்த பொன்னுரங்கத்திடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கையில காப்பு இருந்துச்சே?"

"அதோடவே வுட்டுட்டேன்" என்றான் அவன். அழவில்லை. அன்றும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. கல் நெஞ்சு என்று அவள் உள்ளுக்குள் எத்தனையோ தடவை அவனைத் திட்டியிருக்கிறாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மின்சார ரயிலேறி மாம்பலத்தில் இறங்கினார்கள். பொன்னுரங்கம் பிளாட்ஃபாரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ போய்ட்டு வா. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

"இது நல்லாருக்கே! ரெண்டு எட்டுல வீடு. வாசல் வரைக்கும் வந்துட்டு இங்க உட்காருறேங்கீங்க. வைரவன் என்ன நினைப்பான்?"

"பொம்பளைங்க கூட்டத்துல எனக்கு இன்னா வேலை? போமே, நேரமாவுது."

வற்புறுத்த அவளுக்கும் தெம்பில்லை. காப்பு வைத்த சின்னச் சம்புடத்தைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு படியேறிப் போனாள்.

கடைக்கு மேல்மாடிதான் வீடு. கூடம் நிறையப் பெண்கள். நடுவில் தொட்டில், மல்லிகைச் சரம், ஒரு தாம்பாளம் நிறைய வெல்லம் கலந்த காப்பரிசி. சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. பிள்ளைக்குக் காற்று ஆகாது என்று ஜன்னலெல்லாம் அடைத்து, ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள். வைரவன் அவளைப் பார்த்ததும் "வாக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். கூப்பிட்ட கையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

கோமதி பட்டுப்புடவை சரசரக்க வந்து காதோடு சொன்னாள். "ஏ சொர்ணம், என்னை வஞ்சிராதட்டி. சித்தி சொல்லும்போது மாட்டேன்னு சொல்ல முடியலை."

"உன்னை ஏன்க்கா வையப் போறேன்? நல்லாப் போடு" என்று சம்புடத்தை அவள் கையில் கொடுத்தாள்.

கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். தொட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து தலைகள். எட்டிப் பார்த்தால் பார்க்கிறாளே என்று யாராவது நினைப்பார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எப்பேர்ப்பட்ட வாய்க்காரி ஒரு காலத்தில்!

கோமதி பிள்ளையின் வலது கையில் காப்பைச் சுற்றி, கண்ணிக்குள் மணியை நுழைத்தாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்தக் குட்டிக் கையைத் தூக்கிக் காட்டினாள். காப்பு முழங்கை வரை இறங்கிப் போயிற்று. கையைக் கீழே விட்டதும் விரல் வழியாக வழுக்கிக்கொண்டு தொட்டில் துணியில் விழுந்தது.

"இதென்னம்மா, பிள்ளைக்குக் கோத்ததா, பிள்ளையோட அப்பனுக்கா?" என்று யாரோ சிரித்தார்கள்.

இன்னொரு முறை போட்டாள். இன்னொரு முறை விழுந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"முதக் காப்பு நழுவப்படாதே" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பேச்சியம்மாளின் முகம் வெளிறிவிட்டது. "அளவெடுக்காமலா கோத்த?"

"எடுத்துத்தாம்மா கோத்தேன்..." ஸ்வர்ணலதா முன்னால் வந்தாள். "அஞ்சு நிமிஷம் குடுங்க. மாத்திக் கோத்துத் தாரேன்."

"கோமதி அளவெடுத்துச் சொல்லட்டும். நீ அடுப்பங்கரையில இருந்து கோரு."

அதற்குள் பிள்ளையின் தாய் செண்பகவல்லி எழுந்துவிட்டாள். பதினாறு நாளாக வாய் திறக்காமல் மாமியார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவள். குனிந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள்.

"பிள்ளைக்குப் பால் குடுக்கணும் அத்தை. மதினி உள்ள வந்து கோக்கட்டும். கைய வச்சுப் பார்த்தாத்தானே அளவு தெரியும்?" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் அறைக்குள் போனாள். ஸ்வர்ணலதா அவள் பின்னாலேயே போனாள்.

*

அறைக் கதவைச் சாத்திவிட்டு செண்பகவல்லி பிள்ளையை நாத்தனாரின் மடியில் வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடியுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

இரண்டு வருஷமாக ஒரு பிள்ளையும் இருந்திராத மடி. ஸ்வர்ணலதா குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை கண் திறக்கவில்லை. வைரவனின் மூக்கு, வைரவனின் நெற்றி. அழக் கூடாது, அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணியைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"இவன் காலையிலருந்து சரியாவே குடிக்கலை மதினி" என்றாள் செண்பகவல்லி. "ஒரே தூக்கம். கூட்டத்தைப் பார்த்து மெரண்டிருப்பான்னு அத்தை சொல்லுதாக."

"ம்" என்றாள் ஸ்வர்ணலதா. அவள் கவனம் முடிச்சில் இருந்தது. "எப்படித் தப்பிச்சுன்னுதான் தெரியலை. உங்க அண்ணாச்சிக்கு அளவு தப்பவே தப்பாது. அன்னைக்கு ஆஸ்பத்திரில தூக்கினப்ப விரலைப் புடிச்சுக்கிட்டு விடலையாமே?"

செண்பகவல்லி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி அப்படியா சொன்னாக?"

"ஏன்?"

"அத்தை அவுகளை ரூம் வாசல்லயே நிக்க வச்சுட்டாக மதினி." அவள் குரல் இறங்கிவிட்டது. "பாட்டிலை வாங்கிக்கிட்டு, பிள்ளை தூங்குதுன்னு சொல்லி அனுப்பிட்டாக. நான் எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். அண்ணாச்சி கதவு இடுக்கு வழியா எட்டிப் பார்த்தாக பாருங்க, எனக்குத் தாங்கலை. கையில துண்டை விரிச்சு வச்சுக்கிட்டு நின்னாக. பிள்ளையத் தருவாகன்னு நினைச்சிட்டாக போலிருக்கு."



அட மனுஷா! தூக்கினேன், விரலைப் பிடித்தான் என்று வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாயே! அதனால்தானா இன்று ஸ்டேஷன் பெஞ்சோடு நின்றுவிட்டாய்?

அவள் ஒவ்வொரு மணியாகக் கழற்றினாள். ஒரு வசம்பு, ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. நாலு மணி கழன்றதும் நூலைப் பிள்ளையின் மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தாள். இப்போது சரியாக இருந்தது. ஐந்து வசம்பு.

ஐந்து என்றதும் அவளுக்குத் திக்கென்றது. மாறனுக்கும் பதினாறாம் நாள் காப்பில் ஐந்துதான். ஏழாம் மாதம் கோத்ததில்தான் ஆறு.

அப்படியானால் பொன்னுரங்கம் கொடுத்த நூல் மாறனின் கை அளவு. நினைவிலிருந்தா சொன்னான்? சொல்ல மாட்டான். கண்மதிப்பில் ஒரு வேலையும் செய்யாதவன். சாமான் கையில் இருந்தால்தான் அளவெடுப்பான். ஆனால் அந்தக் காப்பு மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது?

யோசிக்க நேரமில்லை. வெளியே பேச்சியம்மாளின் குரல் கேட்டது. அவசரமாகக் கண்ணியை முடிந்து, பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பிள்ளையின் கையில் காப்பை மாட்டினாள். மணிக்கட்டு வெதுவெதுப்பாக இருந்தது. அடைத்த அறை, சாம்பிராணிப் புகை, தன் கையும்தான் வேர்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். காப்பு கச்சிதமாக நின்றது. கழற்றப் போனாள்.

"கழட்டாதீங்க மதினி" என்றாள் செண்பகவல்லி.

"அம்மா..."

"அத்தைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். போட வேண்டியவுகதானே போட்டிருக்கீக? இவனுக்கு அத்தை நீங்கதான்."

ஸ்வர்ணலதா அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அடக்கி அடக்கி வைத்த அழுகை, சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

*

செண்பகவல்லி பிள்ளையோடு கூடத்துக்கு வந்தபோது காப்பு கையில் இருந்தது. பார்த்தவர்கள் பார்த்தார்கள். கோமதிதான் நல்லவளாக, "போட்டாச்சா? நல்லதாப் போச்சு, பேரைச் சொல்லுங்க" என்று நிலைமையைச் சமாளித்தாள். அஸ்வத் என்று மூன்று முறை காதில் ஓதினார்கள். பிள்ளை அசையாமல் தூங்கியது. என்ன சமர்த்து என்று எல்லோரும் மெச்சினார்கள்.

பேச்சியம்மாள் மகளை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் அவ்வளவு சொல்லியும் என்ன காரியம்ட்டி பண்ணிட்ட?"

"அளவு பார்க்கத்தாம்மா போட்டேன்."

"அஞ்சு வருஷம் கழிச்சு வந்த பிள்ளைட்டி. எனக்குப் பயமா இருக்கு. உன் மேல கோவமில்லை, சத்தியமாச் சொல்லுதேன், பயமா இருக்கு. இவனுக்கு ஒண்ணுன்னா..."

"சொல்லும்மா. என் கையாலதான்னு சொல்லிரு. ரெண்டு வருஷமா மனசுல வச்சுக்கிட்டு இருக்கியே, இன்னைக்குச் சொல்லிரு."

பேச்சியம்மாள் சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு பொட்டலம் காப்பரிசி கட்டி மகள் கையில் வைத்தாள். "மாப்பிள்ளைக்குக் குடு. போயிட்டு வா. பிள்ளைக்கு முப்பது கழியட்டும். அதுக்கப்புறம் வா, என்ன?"

ஆக, இன்னும் பதினாலு நாள் இந்த வாசல் மிதிக்கக் கூடாது. பெற்ற தாய் வாயால் இதையும் கேட்டாயிற்று.

*

பொன்னுரங்கம் அதே பெஞ்சில் அதே இடத்தில் இருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காப்பரிசிப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்தாள். அப்புறம் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, நாலு மணியையும் அவன் உள்ளங்கையில் போட்டாள்.

"அளவு கூடிப்போச்சுங்க."

அவன் மணிகளைப் பார்த்தான்.

"உங்களை வாசல்ல நிக்க வச்சதை செண்பகம் சொல்லிட்டா."

"தா பாரு, அது வந்து..." என்று ஆரம்பித்தான்.

"காப்பு எங்கங்க இருக்கு?"

எந்தக் காப்பு என்று அவன் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சீசன் டிக்கெட் கவரை எடுத்தான். அந்தக் கவரை அவள் தொட்டதே இல்லை. சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் மறக்காமல் அவனே எடுத்து வைத்துக்கொள்வான். டிக்கெட்டுக்குப் பின்னால் மடித்த காகிதம். காகிதத்துக்குள் மாறனின் காப்பு. ஆறு வசம்பு. வெள்ளை மணியெல்லாம் பட்டறை எண்ணெய் பட்டு மஞ்சளாகியிருந்தது.

"மண்ணுல போட மனசு வர்லமே" என்றான். "உன்கிட்ட குட்த்தா நீ தெனம் பாத்துப் பாத்து அழுவே. அதான் பொய் சொல்ட்டேன். அந்தப் புள்ளையையும் தூக்கலைன்னு சொன்னா நீ ஒட்ஞ்சி பூடுவே. அளவுக்கு எங்க போறது? என்கிட்ட கீற அளவு இது ஒண்ணுதான். வளர்ற புள்ள, ரெண்டு மாசத்துல சரியாய்டும்னு நெனச்சேன்..."

அதற்குமேல் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பார்க்கப் பார்க்க, இரண்டு வருஷமாக அழாதவன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். இவனையா கல் நெஞ்சு என்று நினைத்தோம்! அவன் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே காப்பை எடுத்துத் தன் கையில் மூடிக்கொண்டாள்.

அவன் நெஞ்சோடு ஒட்டியிருந்த சூட்டில் மணிகள் வெதுவெதுப்பாக இருந்தன.

வெதுவெதுப்பு.

அவள் கை அப்படியே நின்றது. இப்படித்தானே இருந்தது அந்த மணிக்கட்டும்? தன் கை வேர்வை என்று நினைத்தாளே! தன் கைச் சூடாக இருந்திருந்தால் பிள்ளையின் தோல் குளிர்ச்சியாக அல்லவா பட்டிருக்கும்? காலையிலிருந்து குடிக்கவில்லை. ஒரே தூக்கம். மூன்று முறை காதில் பேர் சொல்லியும் சிணுங்கக்கூட இல்லை. என்ன சமர்த்து என்றார்களே எல்லோரும்!

"ஏங்க, எந்திரிங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்."

"எந்தப் புள்ளைக்கு?"

"வைரவன் பிள்ளைக்கு. தொட்டேன்ங்க, சுட்டுச்சு. எனக்கு அப்பப் புரியலை. மாறன் இப்படித்தான் கெடந்தான். திரும்பப் போகணும்."

பொன்னுரங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். "தோ, எஸ்.டி.டி. பூத் கீது. போன் பண்ணிச் சொல்லிடு."

"அம்மாதான் எடுப்பா. என் குரலைக் கேட்டா வச்சிருவா."

"நேர்ல போனா மட்டும்? நீ போட்ட காப்பால வந்த காய்ச்சல்னுதான் சொல்வாங்க. இன்னிக்கி சொன்னா சாவுற வரிக்கும் சொல்வாங்க. நல்லா யோசிச்சிக்க."

தாம்பரம் ரயில் வந்து நின்றது. ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சைதாப்பேட்டை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். காய்ச்சல் நாளைக்கு அவர்களுக்கே தெரியும். நாளைக்கு!

"சொல்லட்டும்" என்று அவள் படிக்கட்டைப் பார்த்து ஓடினாள்.

ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடித்துப் பிடித்து, செருப்பு ஒன்று அறுந்து, மாடிப்படி ஏறி அவள் கதவைத் தட்டியபோது மூச்சு வாங்கியது. பொன்னுரங்கம் பின்னாலேயே வந்து படியில் நின்றான். கதவைத் திறந்தவள் பேச்சியம்மாள்தான்.

"முப்பது கழிச்சு வான்னேனேட்டி?"

"அம்மா, பிள்ளைக்கு உடம்பு சுடுது. தூக்கம் இல்லம்மா அது, மயக்கம். எழுப்பிப் பாரு, எழுந்திரிக்க மாட்டான். இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். நாளைக்குன்னு வச்சுராதம்மா, நான் வச்சுத்தான் கெட்டேன்."

உள்ளேயிருந்து செண்பகவல்லி "அத்தை, இவன் கண்ணே தொறக்க மாட்டேங்கான்" என்று அலறியது இருவருக்கும் கேட்டது.

பேச்சியம்மாள் திரும்பவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்று, பிள்ளைக்குக் காப்புப் போட்ட மகளின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.